நுவொக் மாம்: முதலில், கடைசியில், பச்சையாக

வியட்நாமிய ஃபிஷ் சாஸான நுவொக் மாம் பாட்டிலை முதல் தடவை திறக்கிறவர்கள் முகம் சுளிப்பது இயல்பு. கருவாட்டுப் பானையின் மூடியை எடுத்தது போல ஒரு வீச்சம் வரும். அதற்குப் பயந்து இரண்டு சொட்டு மட்டும் விட்டு, மீதி உப்பைக் கல்லுப்பாகப் போட்டுச் சமைத்தால் குழம்பில் உப்பு இருக்கும், ருசி இருக்காது. துணிந்து ஊற்றுகிறவர்களுக்கு வேறு சிக்கல். சூப்பில் ஆரம்பத்திலேயே ஊற்றி மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, மணமெல்லாம் போய்விட்டதே என்பார்கள். இரண்டு பேரும் தவறுவது ஒரே இடத்தில்தான். நுவொக் மாம் உப்புக்குப் பதிலாகப் போடுகிற பொருள் இல்லை. சமையலில் அது சேரும் நேரத்தைப் பொறுத்து அதன் குணமே மாறும். கோ என்ற வற்றவைக்கும் சமையலில் அது முதலில் சேரும். ஃபொ என்ற மாட்டெலும்பு நூடுல்ஸ் சூப்பிலும் கான் என்ற தண்ணீர்க் குழம்புகளிலும் கடைசியில். சம் என்ற தொட்டுக்கொள்ளும் சாற்றில் அடுப்பே காட்டாமல், பச்சையாக. இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் வியட்நாமியச் சமையலில் பாதி கைவந்த மாதிரி.

நுவொக் என்றால் நீர். மாம் என்றால் உப்பிட்டு நொதிக்கவிட்ட மீன். அந்த மீன் நமக்கு அந்நியமே இல்லை. வியட்நாமியர் கா கொம் என்பது நம் நெத்திலி இனம்தான். தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் ஃபூ குவொக் தீவிலும், தென்கிழக்குக் கரையில் ஃபான் தியெட் ஊரிலும் இந்தத் தொழில் தலைமுறைகளாக நடக்கிறது. ஃபூ குவொக்கில் மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. வலையை இழுத்த கையோடு படகிலேயே உப்பைக் கலந்துவிடுவார்கள். கரைக்கு வந்து கலந்துகொள்ளலாம் என்று விட்டால் என்ன கெடும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெயிலில் கிடக்கும் நெத்திலியில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமைனை உண்டாக்கிவிடும். பிறகு எவ்வளவு உப்புப் போட்டாலும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. உடம்பில் தடிப்பும் தலைவலியும் வருவதற்கு அதுவே போதும். அதனால்தான் சர்வதேச உணவுத் தர நெறியான கோடெக்ஸ், ஃபிஷ் சாஸில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் ஹிஸ்டமைன் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது.

உப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உப்பளத்திலிருந்து வந்த புது உப்பை உடனே போட மாட்டார்கள். சில மாதங்கள் கொட்டிவைத்தால், அதிலிருக்கும் மெக்னீசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து வடிந்துவிடும். வடியாத உப்பில் போட்ட சாற்றின் கசப்பு நாக்கின் அடியில் நிற்கும்.

மீனும் உப்பும் கலந்ததை ஆளுயரத்துக்கும் மேலான மரத்தொட்டிகளில் நிரப்பி, மேலே பாரம் வைத்து, ஒரு வருடத்துக்குக் குறையாமல் விடுவார்கள். தொட்டியின் பலகைகளைச் சேர்த்து இறுக்குவது பிரம்பைத் திரித்துச் செய்த கட்டு. உள்ளே நடப்பது அழுகல் இல்லை. அழுக வைக்கும் கிருமிகளை உப்பு அடக்கிவிடும். மீனின் குடலிலும் சதையிலும் ஏற்கெனவே இருக்கும் நொதிகள் அந்த மீனின் புரதத்தையே கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து அமினோ அமிலங்களாக்கும். அவற்றில் ஒன்றான குளுட்டாமிக் அமிலம்தான் நாக்கில் அந்த நிறைவான ருசியைத் தருவது. நெத்திலியைக் குடல் எடுக்காமல் முழுசாகப் போடுவது இதற்காகத்தான். குடலை எடுத்தால் வேலைக்காரனையே வெளியே அனுப்பிய மாதிரி. தொட்டியின் அடியில் ஒரு குழாய் இருக்கும். அதன் வழியே சாற்றை வடித்து, திரும்ப மேலே ஊற்றி, மறுபடி வடிப்பார்கள். கடைசியில் துளித்துளியாகத் தெளிந்து வரும் முதல் சாறுதான் உயர்ந்தது. அதன் பிறகு அதே மீனில் உப்புநீர் ஊற்றி இரண்டாம், மூன்றாம் சாறு எடுப்பார்கள். தேங்காய்ப்பால் பிழிகிற கணக்குத்தான்.

ஃபூ குவொக் சாற்றின் நிறத்தைக் கரப்பான்பூச்சிச் சிறகின் நிறம் என்று வியட்நாமியர் சொல்வார்கள். அவர்கள் பேச்சில் அது புகழ்ச்சி: ஒளியில் பிடித்துப் பார்த்தால் சிவப்போடிய, கலங்கலில்லாத பழுப்பு. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் ஃபூ குவொக் என்ற பெயருக்கே பாதுகாப்பு அளித்தது. வேறு எங்கோ தயாரித்த சாற்றை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது.

வாங்கும்போது லேபிளில் பார்க்க வேண்டியது இரண்டு. முதலாவது, பொருள்களின் பட்டியல். மீனும் உப்பும் மட்டும் இருந்தால் நல்லது. சர்க்கரை, நிறமூட்டி, மணமூட்டி, கெட்டிப்படுத்தும் பொருள் என்று பட்டியல் நீண்டால் அது நீர்த்த சாறு. வியட்நாமின் 2018ஆம் ஆண்டுத் தர விதியே சுத்தச் சாற்றையும் இப்படிக் கலந்து செய்ததையும் இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறது. இரண்டாவது, தோ தாம் என்று எழுதியிருக்கும் எண். ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நைட்ரஜன் என்பது அது; மீனின் புரதம் சாற்றில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு அளவுகோல். கோடெக்ஸ் கேட்கும் குறைந்த அளவு 10. 30 என்றால் நல்ல சாறு, 40 என்றால் பச்சையாகத் தொட்டுக்கொள்வதற்கு வைத்துக்கொள்ளலாம். மரத்தொட்டியில் இயற்கையாக நொதித்து வருவது நாற்பதைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 60 என்று பாட்டிலில் போட்டிருந்தால் பிறகு ஆவியாக்கிச் சுண்டவைத்திருப்பார்கள், அல்லது ஏதாவது சேர்த்திருப்பார்கள். நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தாய்லாந்துப் பாட்டில்தான். அதிலும் சமைக்கலாம். அதில் சர்க்கரை சேர்ந்திருந்தால் குழம்பில் போடும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2016 அக்டோபரில் வியட்நாமில், நிறைய ஃபிஷ் சாஸ் மாதிரிகளில் ஆர்செனிக் வரம்பு மீறியிருப்பதாக ஓர் அறிவிப்பு வந்தது. நைட்ரஜன் அதிகமான, பழைய முறையில் செய்த சாறுகள்தான் அதில் அதிகம் அடிபட்டன. அறிவிப்பு கணக்கிட்டது மொத்த ஆர்செனிக்கை. கடல் மீனில் இருப்பதோ பெரும்பாலும் கரிமச் சேர்மமாக இருக்கும் ஆர்செனிக். நஞ்சாவது கரிமமற்ற வகை. பிறகு நடந்த அரசு விசாரணை அந்த அறிவிப்பு தவறானது என்று சொன்னது. ஆனால் அதற்குள் மீனையும் உப்பையும் தவிர எதையும் சேர்க்காதவர்களின் பெயர் கெட்டுவிட்டது. இப்போதும் அந்தச் செய்தியை யாராவது பகிர்ந்தால் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி சமையல்.

முதலில் சேர்க்கும் வகையான கோவுக்கு மெக்கோங் வடிநிலத்தின் கா கோ தோவை எடுத்துக்கொள்வோம். கா என்றால் மீன், தோ என்பது அதைச் சமைக்கும் சின்ன மண்சட்டி. அங்கே விராலும் கெளுத்தி வகைகளும் இதற்கு உகந்தவை. நம் விரால் அப்படியே பொருந்தும். 600 கிராம் மீனை மூன்று சென்டிமீட்டர் கனத்தில் வட்டத் துண்டுகளாக வெட்டுங்கள். மெல்லிசாக வெட்டினால் வற்றும்போது உடைந்து தூளாகிவிடும். நுவொக் மாம் 3 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, தட்டிய சின்ன வெங்காயம் ஐந்து, பூண்டு நான்கு பல், மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. இவற்றைப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். உப்புப் போடாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி நுவொக் மாமில் ஏறக்குறைய 4 கிராம் உப்பு இருக்கிறது. மூன்று கரண்டியில் வருவது இந்த அளவு மீனுக்குத் தாராளம்.

நிறத்துக்குச் சர்க்கரைப் பாகு. சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் போட்டு, சிறு தீயில் உருகவிடுங்கள். பொன்னிறம், பிறகு தேன் நிறம், பிறகு செம்பழுப்பு. அந்தச் செம்பழுப்பில் ஓரத்திலிருந்து மெல்லிய புகை கிளம்பும். அப்போதே இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரை ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தெறித்துக் கையைச் சுடும். பத்து விநாடி தாமதித்தால் கருகிக் கசக்கும். கசந்த பாகைச் சர்க்கரை போட்டு மீட்க முடியாது, கொட்டிவிட்டு மறுபடி காய்ச்சுவதுதான் வழி.

பாகின் மேல் மீனை அடுக்கி, ஊறிய சாற்றை ஊற்றி, 200 மி.லி. இளநீர் விட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடாமல் நாற்பது நிமிடம். கரண்டி போடவே கூடாது. சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றிக்கொடுங்கள். ஒரு தரம் மட்டும் மீனைத் திருப்பிப் போடலாம். முதல் பத்து நிமிடம் சமையலறையில் மீன் வாடை கனமாக நிற்கும். அதில் பதற வேண்டாம். அந்த வாடை தரும் சேர்மங்கள்தான் ஆவியோடு வெளியேறிக்கொண்டிருக்கின்றன. மூடி போட்டால் அவை சட்டிக்குள்ளேயே திரும்ப விழும். வீச்சம் அடங்கிய பிறகு மெல்ல இன்னொரு மணம் எழும். சாற்றின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து, கிட்டத்தட்ட வறுத்த இறைச்சியின் மணம். நுவொக் மாம் முதலில் சேர வேண்டும் என்பது இதற்குத்தான். கடைசியில் ஊற்றினால் மீனுக்கு மேல் பச்சை வாடை தனியாக மிதக்கும். குழம்பு மீனில் ஒட்டுகிற பதத்துக்குச் சுண்டியதும் கரகரப்பாகப் பொடித்த மிளகைத் தாராளமாகத் தூவி இறக்குங்கள். இது நிறையச் சோற்றுக்குக் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளும் கறி. தனியாகச் சுவைத்துப் பார்த்து உப்பு அதிகம் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

புத்தாண்டான டெட் பண்டிகைக்குத் தெற்கில் செய்யும் பன்றிக்கறி முட்டைக் கோவுக்கும் இதே ஒழுங்குதான். அதில் இளநீர் மட்டும் லிட்டர் கணக்கில் போகும். முற்றிய தேங்காயின் தண்ணீரை ஊற்றினால் புளித்த ஒரு சாயல் வந்துவிடும் என்பதால் இளநீரையே பார்த்து வாங்குவார்கள்.

ஃபொவில் ஒழுங்கு தலைகீழ். இது வடக்கில், ஹனோய், நாம் தின் பக்கத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான உணவு. 1954இல் நாடு பிரிந்தபோது தெற்கே வந்த லட்சக்கணக்கான மக்களோடு சைகோனில் பரவியது. முளைகட்டிய பயறும் இலைகளும் குவித்த தட்டு பக்கத்தில் வருவது தெற்கின் வழக்கம்; வடக்கின் கிண்ணத்தில் வெங்காயத்தாளைத் தவிர அதிகம் இருக்காது. எனக்கு வடக்கத்திய முறையே உயர்வாகப் படுகிறது, சாறு சரியாக இல்லாவிட்டால் அங்கே மறைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

நான்கு லிட்டர் சாறு நிற்க, 3 கிலோ மாட்டெலும்பு. குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, பத்து நிமிடத்தில் அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டி, எலும்பை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இந்த வேலையை மிச்சம்பிடித்தால் மற்ற எதைச் செய்தும் சாறு தெளியாது. புதுத் தண்ணீர் ஊற்றி ஆறேழு மணி நேரம், மேலே ஒன்றிரண்டு குமிழ் மட்டும் எழுகிற தீயில் வைக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து சாற்றோடு கலந்து பால் போல வெளுத்துவிடும். 100 கிராம் இஞ்சியையும் இரண்டு பெரிய வெங்காயத்தையும் தோலோடு நேரடித் தணலில் சுட்டு, கருகிய தோலைக் கழுவி எடுத்துவிட்டுப் போடுங்கள். அன்னாசிப்பூ ஐந்து, பட்டை ஒரு விரல் நீளம், கிராம்பு மூன்று, மல்லி ஒரு மேசைக்கரண்டி, தாவ் குவா என்ற பெரிய ஏலக்காய் ஒன்று. இவற்றை வெறும் சட்டியில் வறுத்து, துணியில் முடிந்து, கடைசி ஒரு மணி நேரம் மட்டும் உள்ளே தொங்கவிடுங்கள். ஆரம்பத்திலிருந்தே கிடந்தால் கஷாயம் ஆகிவிடும். நம் கடைகளில் கிடைக்கும் கறுப்பு ஏலக்காய் தாவ் குவாவின் உறவுதான், ஆனால் புகை வாடை அதிகம். பாதிக் காய் போதும். பட்டையில் கெட்டியான முரட்டுப் பட்டையை எடுங்கள். மெல்லிய இலங்கைச் சுருள்பட்டை இதற்கு மென்மையாகிவிடும்.

நுவொக் மாம் வருவது எல்லாம் முடிந்த பிறகு. எலும்பையும் மசாலா முடிச்சையும் எடுத்து, சாற்றை வடிகட்டி, 30 கிராம் உப்பும் சின்னத் துண்டு கற்கண்டும் சேர்த்துவிட்டு, 60 மி.லி. நுவொக் மாமை ஊற்றி, ஒரே ஒரு கொதி. உப்பின் பெரும்பகுதியைக் கல்லுப்பு தர, நுவொக் மாமின் வேலை மணமும் நிறைவும் மட்டும். மணிக்கணக்காகக் கொதித்தால் அந்த மணம் ஆவியோடு போய், வெறும் உப்புத்தான் நிற்கும். பாதி லிட்டர் சாற்றைத் தனியே எடுத்து, நுவொக் மாம் ஊற்றாமல் ருசி பார்த்து, பிறகு ஊற்றிப் பார்த்தால் வித்தியாசம் விளங்கிவிடும். மீன் எங்கேயும் தெரியாது. மாட்டெலும்பின் ருசிதான் முன்னைவிட ஆழமாகத் தெரியும்.

கான் சுவா நமக்கு இன்னும் நெருக்கம். கான் என்றால் தண்ணீர்க் குழம்பு, சுவா என்றால் புளிப்பு. மெக்கோங் வடிநிலத்தில் புளி, தக்காளி, வெண்டைக்காய், விரால் எல்லாம் ஒரே சட்டியில் சேரும். நம்மிடமும் இதெல்லாம் இருக்கிறது. கூட அன்னாசியும், முளைப்பயறும், பாக் ஹா என்ற சேம்பு வகைத் தண்டும். அந்தத் தண்டு கடற்பஞ்சு மாதிரி துளைகள் நிறைந்தது. தோலுரித்துச் சரிவாக நறுக்கி, உப்பில் பிசறிப் பிழிந்து போடுவார்கள். நம்மூர்ச் சேம்பின் தண்டு வேறு. அதில் தொண்டையை அரிக்கும் ஊசிப் படிகங்கள் கூடுதலாக இருக்கக்கூடும். பாக் ஹா கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், மாற்றாக இதைப் போட வேண்டாம்.

ஒன்றேகால் லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் புளியைக் கரைத்து, அன்னாசி 150 கிராம் போட்டுக் கொதிக்கவிட்டு, அரைக் கிலோ விரால் துண்டுகளை இறக்குங்கள். மீன் வெந்ததும், ஏழெட்டு நிமிடத்தில், அதை எடுத்துத் தனித் தட்டில் வையுங்கள். பிறகு தக்காளி இரண்டு, வெண்டைக்காய் ஆறு, சர்க்கரை 2 மேசைக்கரண்டி. ரசம் வைத்துப் பழகிய கைக்கு இவ்வளவு சர்க்கரை போட மனசு வராது. ஆனால் இதன் ருசி புளிப்பும் இனிப்பும் சரிசமமாக நிற்பதுதான். அடுப்பை அணைக்கும் முன் நுவொக் மாம் 3 மேசைக்கரண்டி, ஒரு பிடி முளைப்பயறு. மேலே பொரித்த பூண்டும் ங்கோ ஓம் என்ற வயற்கீரையும். அந்தக் கீரையில் சீரகமும் எலுமிச்சையும் கலந்த ஒரு மணம் இருக்கும். கிடைக்காத இடத்தில் கொத்தமல்லியோடு ஒரு சிட்டிகை வறுத்த சீரகப்பொடி தூவினால் அதன் பக்கத்துக்காவது போகலாம்.

எடுத்துவைத்த மீனை எப்படிப் பரிமாறுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தட்டில் மீன், அதன் மேல் நறுக்கிய காரமான மிளகாய், அதன் மேல் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றிய நுவொக் மாம். குழம்பில் கடைசிக் கொதியில் சேர்ந்த அதே சாறு, இங்கே பச்சையாக. சோற்றில் குழம்பை ஊற்றி, மீனைப் பிய்த்து அந்தச் சாற்றில் தொட்டுச் சாப்பிடும்போது ஒரே பொருளின் இரண்டு குணங்கள் ஒரே வாயில் தெரியும். உங்களிடம் நல்ல பாட்டில் ஒன்றும் சாதாரண பாட்டில் ஒன்றும் இருந்தால், நல்லதை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கோவுக்குச் சாதாரணமே போதும்.

பச்சைச் சாற்றை நீர்த்து, இனிப்பும் புளிப்பும் காரமும் சேர்த்தால் நுவொக் சம். அரிசித் தாளில் சுருட்டிப் பொரித்த சுருள்களுக்கும், சுட்ட பன்றிக்கறியும் நூடுல்ஸும் சேர்ந்த ஹனோயின் புன் சாவுக்கும், தோசை போன்ற பான் சேயோவுக்கும் இதுதான் உயிர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனாவில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் வழியாகப் புதுச்சேரி வீடுகளுக்கும் அந்தச் சுருள்கள் வந்து சேர்ந்தன. அளவு எளிது: நுவொக் மாம், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு ஒவ்வொன்றும் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு முதல் ஐந்து பங்கு. சர்க்கரையை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஆறவிட வேண்டும். சூட்டிலேயே எலுமிச்சை பிழிந்தால் வாசம் போய்விடும். ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு, அதன் பிறகு நுவொக் மாம், கடைசியில் பூண்டும் மிளகாயும். பூண்டைக் கத்தியால் பொடியாக நறுக்குங்கள். அரைத்தால் நீர் கலங்கி, பூண்டு அடியில் சேறு போலப் படியும். நறுக்கியதைக் கடைசியில் தூவினால் சிவப்பும் வெள்ளையுமாக மேலே மிதந்து நிற்கும். கிண்ணத்தைப் பார்த்ததுமே செய்தவர் கையை மதிப்பிடுகிற இடம் அது. சில சமயம் புளிப்பில் பூண்டு பச்சை நிறத்துக்கு மாறும். கெட்டுப்போகவில்லை, சாப்பிடலாம்.

எதற்குத் தொட்டுக்கொள்ளப் போகிறோம் என்பதை வைத்து நீர்ப்பு மாறும். பான் சேயோவை எடுத்துக்கொள்ளுங்கள். சேயோ என்பது மாவு சூடான சட்டியில் விழும் சத்தம், நாம் சொய் என்போமே, அது. அரிசி மாவு 250 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, தேங்காய்ப்பால் 150 மி.லி., தண்ணீர் அரை லிட்டர். உளுந்தும் இல்லை, புளிக்கவைப்பதும் இல்லை, அரை மணி நேரம் ஊறினால் போதும். தேங்காய்ப்பால் கூடினால் மொறுமொறுப்பு போய்த் துவளும். உள்ளே வைக்கும் முளைப்பயறு தண்ணீர் விடும் என்பதால் ஒரு நிமிடம் மட்டும் மூடி, பிறகு திறந்துவைத்து இரண்டு மூன்று நிமிடம் ஓரம் தானாக எழும்பும்வரை விட வேண்டும். சுட்டதைப் பிய்த்து, கடுகுக் கீரையிலோ லெட்டூஸிலோ புதினாவோடு சுருட்டி, சாற்றில் முக்கித்தான் சாப்பிடுவார்கள். இலை மடிப்புகள் கிண்ணத்தில் பாதியை உறிஞ்சிவிடும். அதனால் இதற்கான சம் ஐந்து பங்கு தண்ணீரோடு, கிட்டத்தட்டக் குடிக்கலாம் என்கிற அளவுக்கு லேசாக இருக்க வேண்டும். புன் சாவில் சுட்ட பன்றிக்கறியே அந்தச் சாற்றில் மிதந்து வருவதால், அங்கே இன்னும் நீர்த்து, வெதுவெதுப்பாக, பப்பாளிக் காய்த் துண்டுகளோடு தருவார்கள். வேகவைத்த முட்டையோ கீரையோ தொட்டுக்கொள்ள நீர்ப்பே வேண்டாம்.

சைவர்களுக்கு வியட்நாமின் புத்த விகாரைச் சமையலில் வழி உண்டு. சோயாவும் அன்னாசியும் கொண்டு காய்ச்சும் சைவச் சாறு அங்கே கடைகளிலேயே கிடைக்கிறது. வீட்டில் செய்ய, சோயா சாஸ் ஒரு பங்குக்கு அன்னாசிச் சாறு இரண்டு பங்கு, நாக்குக்கு எட்டும் அளவு உப்பு, பத்து நிமிடக் கொதி. இது சம்முக்குப் பொருந்தும். கோ சமையலில் நிறம் கறுத்துவிடும், பாகைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலைத் திறந்த பிறகு வெயில் படாத இடத்தில் மூடி இறுக்கி வைத்தால் போதும், சீக்கிரம் கெடாது. நாள்பட்டால் நிறம் கறுக்கும். அது காற்றுப் பட்டதால் வருவது, சமையலுக்குப் பயன்படுத்தலாம். பச்சையாக ஊற்ற மட்டும் புதிய பாட்டில். அடியில் கண்ணாடித் துகள் போலப் படிகம் தெரிந்தால் அது சாறு தாங்காத உப்பு, வேறொன்றும் இல்லை. பாட்டிலைக் குலுக்காமல் மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள். கடைசியில் மிஞ்சும் அந்த உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து அடுத்த கோ சமையலில் சேர்த்துவிடலாம்.